எழுதிக் கொடுக்கவும்

மருத்துவமனையின் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ஜன்னலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள், இந்தக் காலத்தில் யார் இப்படிக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்று வந்தவர்கள் மெச்சிக்கொண்டு போவார்கள். பாவம், அவர்களுக்கென்ன தெரியும்? எட்டு வருடத்துக்கு முன்பு மந்தமாகத் தொடங்கிய காது, இரண்டே வருடத்தில் அவளைச் சுத்தமாகக் கைவிட்டிருந்தது. உதட்டசைவைப் படித்தே சமாளித்தாள். சமாளித்தாளா? கெட்டிக்காரி என்று பெயரே எடுத்துவிட்டாள்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டால் கீழ்த்தளத்து ஆவண அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பழைய கோப்புகளும் ஒரு குழல்விளக்கும் மட்டும்தான். வீட்டிலும் ஒற்றை ஆள். தங்கை ஒருத்தி தூரதேசத்தில் இருந்தாள். தொலைபேசியில் அழைத்தால் இவள் எடுப்பதில்லை என்று அவளுக்குக் கோபம். ஆக, மனிதர்கள் அவளைப் பார்த்து வாய் திறக்கிற இடம் அந்த ஜன்னல் ஒன்றுதான். அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

அப்போதுதான் பெருந்தொற்று வந்தது. ஒரே வாரத்தில் ஊரில் இருந்த அத்தனை வாயும் மூடிக்கொண்டது. அதில் அவள் குறை சொல்லவில்லை. உள்ளே மூச்சுக்குத் திணறுகிறவர்களின் பட்டியல் தினமும் அவள் மேசைக்கு வந்தது. அது நீளுவதைப் பார்த்தவள் முகக்கவசத்தைக் குறை சொல்ல மாட்டாள். அவளே இரண்டு போட்டுக்கொண்டாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே இப்போது வரிசையாகக் கண்கள் மட்டுமே நின்றன. கண்ணே எல்லாம் பேசும் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறானே, அவனைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும்.

இரண்டு நாள் தலையாட்டிப் பார்த்தாள். ஆட்டக்கூடாத இடத்தில் ஆட்டிவிட்டு ஒரு கிழவரை அழவைத்தாள். மூன்றாம் நாள் அட்டை ஒன்றை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள்: 'பேச்சால் தொற்று பரவும். கேள்வியை எழுதிக் கொடுக்கவும். பேனா அவரவர் கொண்டு வரவும்.'

யார் போட்ட உத்தரவு என்று ஒருவரும் கேட்கவில்லை. உத்தரவுக்கா அந்தக் காலத்தில் பஞ்சம்? கண்காணிப்பாளர் வந்து படித்தார், நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினார், மற்ற ஜன்னல்களிலும் அதையே ஒட்டச் சொன்னார். ஒரு மருத்துவமனைக்கே காதில் பூ சுற்றியாகிவிட்டது.

அதற்கான தண்டனையும் உடனே தொடங்கியது. அன்றிலிருந்து நான்கு மாதம் அவளிடம் யாரும் பேசவில்லை. சீட்டு வரும்: '9ஆம் படுக்கை எப்படி?' அவள் எழுதுவாள்: 'காய்ச்சல் குறைந்திருக்கிறது.' கண்கள் போய்விடும். முன்பெல்லாம் கேள்வியோடு கூடவே, சாப்பிட்டாச்சா அக்கா, புடவை நல்லாயிருக்கே என்று ஏதாவது வரும். அதையெல்லாம் யார் மெனக்கெட்டுச் சீட்டில் எழுதுவார்கள்? ஆவண அறைக்குப் பயந்தவள், ஜன்னலிலேயே அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சில நாள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று தன் வாயைத் தானே பார்த்துப் பேசிக்கொள்வாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, சுண்ணாம்பு தெறித்த சட்டையோடு ஒரு ஆள் ஜன்னலுக்கு வந்தான். சீட்டு நீட்டவில்லை. முகக்கவசம் மட்டும் உப்பியது, சுருங்கியது. பேசுகிறான். அவள் அட்டையைத் தட்டிக் காட்டினாள். அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் பேசினான். பிறகு பொறுக்காமல் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான்.

நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு வாய். வெடித்த உதடு, மேலே மூன்று நாள் மீசை. 'என் சம்சாரம்' என்று தெளிவாகப் படித்தாள். இன்னும் அரை நிமிடம் விட்டால் முழுவதும் கிடைத்துவிடும். ஆனால் அவனுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள், எல்லோரும் நோயாளிகளின் வீட்டு ஆட்கள். அவள் கண்ணாடியை ஓங்கித் தட்டி, மேலே ஏற்று என்று சைகை காட்டினாள். தன் கையாலேயே அந்த வாயை மூடியது போலிருந்தது அவளுக்கு.

அவன் ஏற்றிக்கொண்டான். வரிசையைத் திரும்பிப் பார்த்தான். ஒருவர் பேனாவை ஒருவர் தொடாத காலம். யாரும் முன்வரவில்லை, அவனும் கேட்கவில்லை. காவலாளி வந்து கையை வீசவும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அடம்பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த சீட்டை வாங்கினாள்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு வார்டிலிருந்து ஒரு சீட்டு வந்தது. 'படுக்கை 17. மூன்று மணிக்குத் தொண்டையில் குழாய் போடுகிறோம். அதற்குமுன் கணவரிடம் பேச வேண்டும் என்கிறார். கைபேசி எண் வேலை செய்யவில்லை. வெள்ளையடிக்கும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர், வாசலில்தான் இருப்பார், கூப்பிட்டுப் பேசவிடவும்.'

குழாய் போட்டவர்களில் திரும்பிப் பேசியவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போட்டது போட்டபடி ஓடினாள்.

வாசலில் அவன் இல்லை. காவலாளி கிருமிநாசினி டப்பாவோடு நின்றிருந்தார்.

"அண்ணே, காலைல சுண்ணாம்புச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தாரே, எங்க போனாரு?"

காவலாளியின் முகக்கவசம் அசைந்தது. நீளமாக அசைந்தது. அவள் விழித்தாள். இன்னொரு முறை கேட்டாள், இன்னொரு முறை அசைந்தது. காகிதமும் பேனாவும் மேசையில் கிடந்தன. போய் எடுத்து வரலாம், எழுதச் சொல்லலாம், மானம் தப்பிக்கும். சுவர்க்கடிகாரத்தில் மூன்று மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கண்காணிப்பாளர் தாழ்வாரத்தில் யாரோடோ நின்றிருந்தார்.

"எனக்குக் காது கேக்காதுண்ணே!" என்றாள். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வரிசை மொத்தமும் திரும்பியது. "ஆறு வருஷமா கேக்காது. அந்த அட்டை நானா எழுதினது. வாயால சொல்லாதீங்க, கையைக் காட்டுங்க. எந்தப் பக்கம் போனாரு?"

காவலாளியின் கை தானாக உயர்ந்து சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பேருந்து நிழற்குடையைக் காட்டியது.

அவன் அங்கே தரையில் குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் பதறி எழுந்தான், எதற்கோ பயந்தவன் மாதிரி. "உங்க சம்சாரம் பேசணும்ங்கறாங்க, வாங்க. சீக்கிரம் வாங்க," என்றாள். அவளுக்கு முன்னால் அவன் ஓடினான்.

வார்டில் இருப்பவர்களோடு பேசுவதற்காக ஜன்னலுக்கு வெளியே தொங்கிய தொலைபேசியைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து பதினேழை அழுத்தினாள். சிவப்பு விளக்கு பச்சையானது. அவன் சுவரோடு சாய்ந்துகொண்டான். பேசினான், கேட்டான், ஒரு முறை சிரித்தான் கூட, தோள் குலுங்கியதில் தெரிந்தது. அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தான். விளக்கு மறுபடி சிவப்பான பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை.

இதற்குள் கண்காணிப்பாளர் கதவருகே வந்து நின்றிருந்தார். அவர் கையில் கண்ணாடியிலிருந்து பிய்த்த அட்டை இருந்தது. இனி ஆவண அறைதான், அவர் வாய் திறக்கத் தேவையில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

தொலைபேசியை மாட்டிவிட்டு அந்த ஆள் ஜன்னலுக்கு வந்தான். முகக்கவசம் கண்ணுக்குக் கீழே சரியாக இருந்தது. அது அசையத் தொடங்கியது.

"கேக்காதுங்க எனக்கு," என்றாள்.

அவன் தெரியும் என்று தலையாட்டினான், வாசலில் அவள் போட்ட சத்தம் சாலை தாண்டியும் கேட்டிருக்கும். ஆட்டிவிட்டு மேலே சொல்லிக்கொண்டே போனான். கையை நெஞ்சில் வைத்தான், மேல்மாடியைக் காட்டினான், இடையில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், மறுபடி தொடங்கினான். அவள் எழுந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். அவன் முடிக்கும்வரை நின்றாள்.

அவன் போனதும் காவலாளி சீட்டும் பேனாவுமாக வந்து, அந்த ஆள் சொன்னதை எழுதித் தரட்டுமா என்று சைகையில் கேட்டார்.

"வேண்டாம்ணே," என்றாள். "எங்கிட்டதானே சொன்னாரு."