சைவ வில்

கல்யாணராமன் எங்கள் கல்லூரியில் சரித்திர விரிவுரையாளர். மயிலாப்பூர்வாசி. 1934-ல் துறைத்தலைவர் நாற்காலி காலியானபோது, அதில் உட்கார்ந்தே தீரவேண்டும் என்ற ஆசை அவர் தூக்கத்தைக் கெடுத்தது. வெள்ளைக்காரப் பிரின்ஸிபால் துரைக்கு முன்னால் ஒரு பிரசங்கம் செய்து அசத்திவிடுவது என்று தீர்மானித்தார். விஷயம், ஆதிமனிதன் வில்லைக் கண்டுபிடித்த கதை.

நன்றாகவே எழுதியிருந்தார். கல்லை எறிந்து களைத்தவன், மிருகத்தின் கிட்டே போகப் பயந்தவன், வளைந்த கொம்பில் மான் நரம்பைக் கட்டி, நின்ற இடத்திலிருந்தே வேட்டையாடினானாம். முடிவில் அப்படியொரு வில்லைத் தாமே செய்து, பூசணிக்காய் மேல் எய்து காட்டுவதாக ஏற்பாடு. நரம்புக்கு எங்கள் கல்லூரியில் பாரசீக மொழி கற்பித்த முன்ஷி ஹபீபுர் ரஹ்மான் பொறுப்பேற்றார். மானுக்கு எங்கே போவது, ஆடு போதும் என்றார்.

இதை வீட்டில் சொன்னதுதான் பிசகு. மனைவி காமாக்ஷி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கண்றாவி ஆத்துக்குள்ள வந்தா, நான் பொறந்தாத்துக்குப் போயிடுவேன்."

மனுஷர் ஆட்டு நரம்பைக் கைவிட்டார். வாழைநாரைத் திரித்துக் கட்டினார். ஆனால் நேர்மையானவர், கையில் ஒன்று, வாயில் ஒன்று என்று இருக்கமாட்டார். பிரசங்கத்தையும் திருத்தினார். நரம்பு நாராயிற்று. நாரானபிறகு மானைக் கொல்வது அவருக்கே உறுத்தியது, மானும் போயிற்று. திருத்தி முடித்தபோது ஆதிமனிதன் கிழங்கும் கீரையும் தின்றுகொண்டிருந்தான். குளித்துவிட்டுத்தான் சாப்பிட்டான் என்று எழுதாததுதான் பாக்கி.

பிரசங்க நாளும் வந்தது. கல்யாணராமன் நாணை இழுத்து விட்டார். அம்பு அவர் காலடியிலேயே விழுந்தது. அதைக்கூடத் துரை மன்னித்திருப்பார். ஆனால் எழுந்து, மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார்: கீரை தின்கிறவனுக்கு வில் எதற்கு?

"மாங்காய் அடிக்க" என்றார் கல்யாணராமன்.

சபை சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு படித்த மனுஷன்.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. செய்தி தெரிந்த சாயங்காலம் அவரோடு வீடுவரை நானும் போனேன். எல்லாம் உன் ஒரு வார்த்தையால் வந்த வினை என்று, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மனைவியிடம் குரலை உயர்த்தினார்.

காமாக்ஷி கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"ஆத்துக்குள்ளதானே வேண்டாம்னேன்? காலேஜிலேயே வெச்சுக் கட்டிண்டிருக்கலாமே."