தூக்கும் வசதி உண்டு

குதூகலபுரி கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் தங்குவதற்கு மூன்று விடுதிகள் இருந்தன. மூன்றிலும் படிகள் முளைத்துக்கொண்டிருந்தன.

அந்த மண்ணின் வாகு அப்படி. தினமும் மாலையில் பூங்காவில் செயற்கை மழை விடுவார்கள். குடும்பம் குடும்பமாக அதில் ஆடுவார்கள். ஆடி முடித்த தண்ணீர் வடிந்து விடுதிகளுக்கு அடியில் ஊறும். மறுநாள் வாசலில் புதிதாக ஒரு படி தலை காட்டியிருக்கும். முளைத்த புதிதில் அது ஈறு போல வெளிறிச் சிவந்து மெத்தென்று இருக்கும். வெயில் பட்டால் இறுகிவிடும். பிறகு அதன்மேல் கிரானைட் ஒட்டுவார்கள்.

மார்த்தா சக்கர நாற்காலியில் வாழ்கிறவள். அதனால் மூன்று விடுதிகளையும் தொலைபேசியில் விசாரித்தாள்.

"வாசல்ல படி இருக்கா?" என்று முதல் விடுதியில் கேட்டாள்.

"படியே கிடையாது மேடம்."

"ஒண்ணுகூட?"

"மூணே மூணுதான் மேடம்."

இரண்டாவது விடுதியில் லிஃப்ட் இருந்தது. அது முதல் மாடியிலிருந்து தொடங்கியது.

"முதல் மாடிக்கு எப்படி வர்றது?"

"வந்துட்டீங்கன்னா அப்புறம் லிஃப்ட்தான் மேடம். கவலையே இல்ல."

மூன்றாவது விடுதிக்காரர் போனை எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"உங்க வெயிட் என்ன மேடம்?"

"எதுக்கு?"

"பசங்ககிட்ட சொல்லணும்."

"பசங்க வேணாம். படி இல்லாம இருந்தாப் போதும்."

"முளைச்சா வெட்டிடுவோம் மேடம். காலைல மொத வேலை அதுதான்."

மார்த்தா மூன்றாவது விடுதியைத் தேர்ந்தெடுத்தாள்.

தூக்கப்படுவதுதான் அவளுக்கு அருவருப்பு. சின்ன வயதிலிருந்து அவளைத் தூக்கியிருக்கிறார்கள். மாதா கோயில் வாசலில், தாலுகா அலுவலகத்தில், ரயிலில், அவளுடைய சொந்தக் கல்யாணத்தில். கூப்பிடாமலே வருவார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுப்பார். ஒருவர் தொடையைப் பிடிப்பார். ஈரக் கை, பீடிக் கை, பஜ்ஜி எண்ணெய் வழியும் கை. முகத்துக்கு நேரே மூச்சு விடுவார்கள். இறக்கி வைத்ததும் பூசை முடித்து வந்தவர்களைப் போல அவர்கள் முகம் துலங்கிவிடும். அந்த முகம் கையைவிட மோசம்.

அவள் கணவர் அமல்ராஜ் மட்டும் அவளைத் தூக்கியதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவள் தன் கையை ஊன்றி நகரும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். தள்ளி நிற்கத் தெரிந்த மனிதர். அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். வெளியாட்களிடம் மட்டும் அவர் எதற்கும் தலையாட்டிவிடுவார்.

பூங்காவில் ஒரு ராட்டினம் இருந்தது. அதன் பெட்டியின் கதவு தரைமட்டத்தில் திறக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நாற்காலியோடு உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். யார் கையும் படாமல் ஒருமுறை மேலே போய்ப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஒரு கை எம்மேல பட்டாலும் அப்படியே ஊருக்குத் திரும்பிடுவேன்," என்றாள். "அப்புறம் என்னை எங்கயும் கூப்பிடாதீங்க."

"படாதும்மா. நான் இருக்கேன்ல."



பூங்காவின் வண்டி ரயிலடிக்கு வந்தது. ஏறும் கதவில் செங்குத்தான மூன்று படிகள். பின்பக்கக் கதவிலிருந்து அகலமான ஒரு பலகை தரைவரை சரிந்திருந்தது. அதன் வழியாகப் பெட்டிகளை உருட்டி ஏற்றினார்கள்.

"நான் அதுல ஏறிக்கறேன்," என்றாள் மார்த்தா.

"அது பெட்டிக்கு மேடம்," என்றார் ஓட்டுநர்.

"பரவால்ல."

"அப்ப உங்களயும் பெட்டின்னுதான் வச்சுக்குவோம்."

அவர் அவள் மணிக்கட்டில் ஒரு சீட்டைக் கட்டினார். கட்டும்போது நூலை மட்டும் தொட்டார். அவளைத் தொடவில்லை. அமல்ராஜ் முன்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா, யாரும் தொடல."

பின்பக்கம் இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. பெட்டிகளுக்குள் ஈரத்துணிகளை மடித்து வைத்திருந்தார்கள். குளோரினும் அழுக்கும் கலந்து நாறியது. ஒரு பெட்டி இருமியது.

"யாரு?" என்றாள் மார்த்தா.

"நானும் முன்னால வீல்சேர்தாங்க," என்றது பெட்டி. பெண் குரல். "இப்பக் கைப்பிடி வச்சுக்கிட்டேன். எல்லாருக்கும் சௌகரியமா இருக்கு."

"மூச்சு முட்டலியா?"

"மொதல்ல முட்டுச்சு. நீங்களும் வச்சுக்கோங்க. தூக்கறவங்களுக்குச் சங்கடம் இல்ல பாருங்க."

பெட்டியின் ஜிப் ஓரத்திலிருந்து மஞ்சளாக நீர் கசிந்தது. மார்த்தா நாற்காலியை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். வண்டி ஒரு வளைவில் திரும்பியது. பெட்டி வழுக்கி வந்து அவள் கால்மேல் சாய்ந்துகொண்டது. விடுதி வரும்வரை சாய்ந்தே இருந்தது. நன்றாகத் தூங்கியது போலிருந்தது.

விடுதி ஒரு நீண்ட கட்டடம். இரண்டு பக்கமும் மதில்வரை நீண்டிருந்தது. அதற்கு அப்பால் பூங்கா. கூரைக்கு மேலே ராட்டினத்தின் பாதி தெரிந்தது. விடுதி வாசலில் ஏறி, கூடத்தைக் கடந்து, பின்வாசலில் இறங்கினால்தான் பூங்காவுக்குப் போகலாம். வாசலில் படிகள் இருந்தன. கீழ்ப்படி அப்போதுதான் முளைத்திருந்தது. அதன்மேல் ஈ மொய்த்தது.

மேலாளர் தாமோதரன் மேல்படியில் நின்று கும்பிட்டார்.

"வாங்க மேடம். பயணமெல்லாம் சுகமா?"

"படிய வெட்டிடுவோம்னு சொன்னீங்க."

"சொன்னோம் மேடம். வெட்டினா வலிக்குதாம்."

"யாருக்கு?"

"பில்டிங்குக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் வெட்டினதுக்கு ராத்திரி பூரா ரூம் ரூமா முனகல். கெஸ்ட்டெல்லாம் கம்ப்ளெயின்ட்."

"அப்ப நான் எப்படி உள்ள வர்றது?"

"அதுக்குத்தான் வசதி வச்சிருக்கோமே."

அவர் கையைத் தட்டினார். கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து மஞ்சள் பனியன் போட்ட மூன்று பேர் வந்தார்கள். பனியன் முதுகில் 'வசதி' என்று அச்சடித்திருந்தது. மூவரும் மென்றுகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் கொளஞ்சி. அவர் விரல்களைப் பனியனில் துடைத்தார். பனியனில் அதற்கென்று ஒரு கறை ஏற்கெனவே இருந்தது.

"வணக்கம் மேடம். ஒரே நிமிசம். பூ மாதிரி தூக்கிருவோம்."

"வேணாம்," என்றாள் மார்த்தா.

"எல்லாரும் மொதல்ல வேணாம்னுதான் சொல்வாங்க."

"நான் கடைசிலயும் வேணாம்னுதான் சொல்வேன்."

கொளஞ்சி மற்ற இருவரையும் பார்த்தார். "மேடம் தமாஷா பேசுறாங்கடா."

இரண்டாமவர் சிரித்தார். பல்லில் வெங்காயம் இருந்தது.

"இன்னைக்கு மூணு பேருதான் இருக்காங்க," என்றார் தாமோதரன். "நாலாவது ஆளு தன்னைத்தானே தூக்கிட்டுப் போயிட்டாரு. எங்க வச்சாருன்னு தெரியல. சார், ஒரு கை குடுக்கறீங்களா?"

அவர் அமல்ராஜைப் பார்த்துக் கேட்டார்.

"நானா?" என்றார் அமல்ராஜ். மார்த்தாவைப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். "இல்லங்க. அவங்களுக்குப் பிடிக்காது."

"சும்மா பனியன மட்டும் போட்டுப் பாருங்க சார். அளவு சரியா இருக்கான்னு."

மார்த்தாவுக்கு அவசரமாகச் சிறுநீர் முட்டியது. மதிலோரம் ஒரு கழிப்பறை இருந்தது. கதவில் சக்கர நாற்காலியின் படம். அங்கே போக மட்டும் படி இல்லை. அவள் உருட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. பூங்காவில் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிற முயல். தலையைக் கழற்றாமல், கழுத்து இடுக்கு வழியாகத் தயிர்ச்சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. சோறு உள்ளே எங்கோ விழும் சத்தம் கேட்டது. சுவரில் இருந்த பிடிமானக் கம்பியில் வாடகை நீச்சலுடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அதை விட்டுப்போனவரின் வடிவத்திலேயே தொங்கியது.

"இங்க யாரும் வர்றதில்லயே," என்றது முயல்.

"வெளிய படம் போட்டிருக்கு."

"படம் போட்டிருக்கறதாலதான் யாரும் வர்றதில்ல. நிம்மதியா சாப்பிடலாம்."

"கொஞ்சம் வெளிய போறீங்களா?"

"நான் கண்ண மூடிக்கறேங்க. நீங்க பாட்டுக்கு இருங்க."

முயலுக்கு இமைகள் இல்லை.

அவள் கதவைச் சாத்தினாள். அடக்கிக்கொண்டாள். அடக்குவது அவளுக்குப் பழக்கம். அடக்கியதெல்லாம் ஒருநாள் தன் கண் வழியாகத்தான் வரும் என்று அவள் நினைப்பதுண்டு. இதுவரை வந்ததில்லை.

பூங்காவுக்குள் மேளமும் மின்னிசையும் தொடங்கின. கட்டடத்துக்கு அப்பால் மழை கொட்டும் சத்தம். கூட்டம் ஹோவென்று கத்தியது. சற்று நேரத்தில் கட்டடத்தின் அடியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊறி வந்து அவள் சக்கரங்களைச் சுற்றித் தேங்கியது. அதில் முடிக்கற்றைகள் மிதந்தன. வாசலில் இன்னும் இரண்டு படிகள் முளைத்தன. முளைக்கும்போது சப்புக்கொட்டுவது போன்ற ஒலி வந்தது.

அவள் திரும்பி வந்தபோது வசதி நான்கு பேராக இருந்தது.

நான்காவது ஆள் அமல்ராஜ். மஞ்சள் பனியன் அவருக்கு அளவாக இருந்தது. அதில் ஏற்கெனவே யாருடையதோ வியர்வை. அவரும் மென்றுகொண்டிருந்தார். விரல்களில் எண்ணெய் மின்னியது.

"என்னங்க இது?" என்றாள்.

"கழுத்தப் பிடிச்சுக்கோங்க மேடம்," என்றார் அமல்ராஜ்.

அவள் அவரையே பார்த்தாள். பூங்காவின் மழை ஆட்டத்தில் பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"என் பேரு என்ன?" என்று கேட்டாள்.

அமல்ராஜ் கொளஞ்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"பேரெல்லாம் எங்ககிட்டச் சொல்றதில்ல மேடம்," என்றார் கொளஞ்சி. "வெயிட்டு மட்டுந்தான் சொல்வாங்க."

"அவருக்குத் தெரியும். அவரு சொல்லட்டும்."

அமல்ராஜ் யோசித்தார். நன்றாக முயன்று யோசித்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் துலங்கியது. இறக்கி வைத்த பிறகு வருகிற அந்த முகம். தூக்குவதற்கு முன்னாலேயே அவருக்கு வந்துவிட்டது.

"ஒரு நிமிஷ வேலை மேடம்," என்றார்.

அவர் குனிந்தார். அக்குளை நோக்கிக் கை நீண்டது. இத்தனை வருடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவரின் கை. மிளகாய் பஜ்ஜி நாறியது. மார்த்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தாள். கை காற்றைப் பிடித்தது.

"என்னத் தூக்கக் கூடாது."

"தூக்காம எங்களுக்கு ஆகாது மேடம்," என்றார் கொளஞ்சி. உண்மையாகவே வருந்தினார். "கூப்பிட்டு விட்டுட்டாங்க. கை நமநமங்குது. எதையாச்சும் தூக்கினாத்தான் அடங்கும்."

"அப்ப வேற எதையாவது தூக்குங்க."

நால்வரும் சுற்றிலும் பார்த்தார்கள். முதலில் தாமோதரனைத் தூக்கினார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை. கும்பிட்டபடியே மேலே போய்க் கும்பிட்டபடியே கீழே வந்தார். கொளஞ்சி உதட்டைப் பிதுக்கினார்.

"கனம் பத்தலடா."

மதிலோரம் இருந்த கழிப்பறையைத் தூக்கினார்கள். முயல் உள்ளிருந்து ஏதோ சொன்னது. கீழே வைத்தார்கள். அதுவும் பத்தவில்லை. பிறகு நால்வரும் விடுதியின் நான்கு மூலைகளுக்கும் நடந்து போனார்கள். அமல்ராஜ் பின்வாசலுக்குப் பக்கத்து மூலையை எடுத்துக்கொண்டார். முழங்காலை மடித்து அடிச்சுவரில் தோளைக் கொடுத்தார்.

"ஒண்ணா தம் கட்டுங்கடா," என்றார் கொளஞ்சி.

விடுதி எழும்பியது.

படிகள் வேரோடு வந்தன. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் வருகிற சத்தம். வேர்கள் நீளமாக, வெள்ளையாக, நுனியில் இரத்தமில்லாமல் தொங்கின. மாடி ஜன்னலில் ஒரு பெண் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் கீழே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ரூம் நம்பர் பதினொண்ணுக்கு காபி சொல்லி எவ்வளவு நேரமாச்சு?"

"இதோ வருது மேடம்," என்றார் தாமோதரன்.

கட்டடத்துக்கு அடியில் இருந்த நிலம் இப்போது தெரிந்தது. சோப்பு நுரை, ஒற்றைச் செருப்புகள், முடிச்சுருள்கள், நைலான் உடைகள், ஊறிப் பெருத்த பாப்கார்ன். அவற்றுக்கு நடுவே வெளிறிய புழுக்கள் நெளிந்தன. ஆனால் தரை மட்டமாக இருந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. மறுபக்கம் ராட்டினத்தின் பெட்டி ஒன்று கதவைத் திறந்துகொண்டு தரையில் நின்றது.

"மேடம், எங்க வைக்கட்டும்?" என்று கொளஞ்சி தூரத்து மூலையிலிருந்து கத்தினார்.

மார்த்தா திறந்திருந்த அந்தக் கதவைப் பார்த்தாள்.

"வைக்க வேணாம்," என்றாள். "பிடிச்சுட்டே இருங்க."

மணிக்கட்டில் இருந்த சீட்டைப் பல்லால் கடித்துத் துப்பினாள். சேலைத் தலைப்பை மடியில் செருகிக்கொண்டு சக்கரங்களைத் தள்ளினாள். சக்கரத்தில் முடி சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதோ ஒன்று நசுங்கியது. மேலே இருந்து குளியலறைகள் சொட்டின. ஒரு சொட்டு கழுத்தில் விழுந்து முதுகில் இறங்கியது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தள்ளினாள். நாற்றம் தாங்க முடியாததாக இருந்தது. ஆனால் அது யாருடைய மூச்சும் இல்லை.

அமல்ராஜ் நின்ற மூலையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. வியர்வை ஒழுகி மோவாயில் சேர்ந்து அவள் கையில் விழுந்தது. அவள் அதை டயரில் தேய்த்துத் துடைத்தாள்.

"மேடம்," என்றார் அமல்ராஜ். "கை வலிக்குது."

"வலிக்கும்," என்றாள் மார்த்தா.

ராட்டினப் பெட்டியை நோக்கித் தள்ளினாள்.