அவள் யாருக்குப் பதில் சொன்னாள்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் டப்பிங் தொழிலில் எது சரியில்லாமல் போனாலும் வசனகர்த்தா தலையில்தான் வந்து விடியும்.

நான்தான் அந்த வசனகர்த்தா. இந்திப் படங்களுக்குத் தமிழில் பேச்சு எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் செய்வது என்னவோ தையற்காரர் வேலை. திரையில் இருப்பவரின் உதடு எங்கே ஒட்டுகிறதோ அங்கே என் வசனத்தில் ஒரு ‘ப’வோ ‘ம’வோ விழவேண்டும், வாய் மூடும்போது வாக்கியமும் முடிந்திருக்கவேண்டும். இருபது வருடமாக அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன். நானாக ஒரு கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. அடித்தல் திருத்தல்களை மறைக்கத் தெரியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்தப் படத்தில் ஒரு பெண். இரண்டு பேர் அவளைக் காதலிக்கிறார்கள். ஒருவன் ரயில் நிலையத்துக்கு நூறு மேளக்காரர்களைக் கூட்டிவந்து, சரக்கு வண்டியின் கூரைமேல் ஏறி நின்று ஊரைக் கூட்டிச் சொல்கிறான். இன்னொருவன் பக்கத்து வீட்டுக்காரன். அவள் மூக்குக்கண்ணாடியில் திருகாணி கழன்றால் மாட்டிக்கொடுப்பான். மழை வருமுன் அவள் வீட்டுக் கொடியிலிருக்கும் துணிகளை எடுத்து மடித்துவைப்பான். மூன்று மணி நேரப் படத்தில் அவனுக்கு மொத்தம் பதினோரு வசனம். அவள் யாரோடு போகிறாள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தப் படத்தைத் தமிழில் பேசவைத்த பத்தொன்பது நாளும், ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இன்னொரு படம் ஓடியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘அவன் உள்ளே நுழைந்ததும் அந்த ஸ்டுடியோவே…’

[நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் கதை அவனுடையதாகிவிடும். அவன் நுழைகிற இடமெல்லாம் அவனுடையதாகிவிடுகிறது என்பதுதானே இங்கே சிக்கலே.]

இரண்டாவது தொடக்கம்: ‘மௌனம் என்பது காதலின்…’

[சீ. இதை எழுதியது நான்தான் என்பதை மறந்துவிடுங்கள். இருபது வருடம் இந்திக் கதாநாயகர்களோடு பழகினால் இப்படித்தான் ஆகும்.]

மூன்றாவது: ஆறாம் நாள் காலையில், வசனத்தாள் வைக்கும் ஸ்டாண்டைத் தான் இதுவரை ஒரு நாளும் இறக்கவேண்டி வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

[இது நிற்கட்டும்.]

3

அவள் என்றது கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவளை. ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் ‘ஹீரோயின்’. முப்பத்தாறு வயது. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள், அவள் குரல் அழுத படத்தைப் பார்த்துத் தாங்களும் அழுத கதையை அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அப்படியா, பார்க்கணும் என்று சொல்லி இறங்கிப்போவாள்.

பதினோரு வருடமாக ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது. எல்லாம் முகம் தெரியாத ஆண்களுக்கு. தனக்கென்று ஒருத்தரிடம் சொல்லவேண்டி வந்தால் குரலை எங்கிருந்து எடுப்பது என்றே தெரியாது என்று என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்தாள். சொன்னது உண்மை. சிரிப்புதான் டப்பிங்.

அவளுக்கு முந்தைய நேரத்தில் ஆறடி ஆள் ஒருவர் விளம்பரங்களுக்குப் பேசிவிட்டுப் போவார். ஸ்டாண்ட் அவர் உயரத்தில் இருந்திருக்கவேண்டும். அவளோ என் தோள் அளவுதான். ஆனால் ஆறு நாளும் அது அவள் கண்ணுக்கு நேராகவே இருந்தது. யோசித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். குளிர் தொண்டையைப் பிடிக்கும் என்று முதல் நாள் யாரிடமோ சொன்னாள். அன்றிலிருந்து ஏசி அவள் வருவதற்குக் கால்மணி முன்பே அணைந்திருந்தது. மணிக்கட்டில் சுளுக்கு என்று சொன்னாள். வெந்நீர்க் குடுவையின் மூடி அரைத் திருகு தளர்ந்திருந்தது. இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கக்கூடியவர் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான்.

சவுண்டு இன்ஜினியர். கண்ணாடிக்கு வெளியே, கருவி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ‘ஓகே.’ ‘இன்னொண்ணு போலாம்.’ அவர் வாயிலிருந்து வருவது இந்த இரண்டும்தான். ஒன்பது வருடமாக அவளை ‘மேடம்’ என்றே கூப்பிடுகிறார்.

இந்தப் படத்தில் மட்டும் அவர் நிறையப் பேச நேர்ந்தது. கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவன் மேடை நிகழ்ச்சிகளுக்காகப் பதினான்கு நாள் வெளியூர் போய்விட்டான். அவன் இல்லாமல் அவள் யாருக்குப் பதில் சொல்வாள்? அதனால் நாயகனின் வசனங்களை இன்ஜினியர் ஒரு மைக்கில் வாசிக்க, அவள் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு தன் பங்கைப் பேசினாள். ‘உன் கண்ணுல நான் தொலைஞ்சு போயிட்டேன்’ என்பதை அவர் பேருந்து நேர அட்டவணை போல வாசித்தார். எழுதியவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் ஆறாம் நாளுக்குப் பிறகு அவளுக்கு அந்த அட்டவணை வேறுமாதிரி கேட்க ஆரம்பித்தது.*

* இப்படி வழிகாட்டப் பேசிவைக்கும் குரலை நாங்கள் ‘பைலட்’ என்போம். அதை அன்றன்று மாலையே அழித்துவிடுவது வழக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாளர்கள் இப்படிக் கையைப் பிடித்துக் காட்டமாட்டார்கள்.

4

இப்போது ஜிகினா, நாயகனுக்குக் குரல் கொடுப்பவன். மின்னும் சட்டைகளால் வந்த பெயர்.

இவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கிவிட்டால் கதை சுலபமாக நடக்கும். முயன்றுபார்த்தேன். ‘அவன் சிரிப்பில் ஒரு பொய்…’ என்று எழுதினேன். கை ஓடவில்லை. எனக்குக் கால் முறிந்தபோது மருத்துவமனையில் மூன்று நாள் கூடவே இருந்து, வார்டில் இருந்த எல்லோருக்கும் நடிகர்கள் குரலில் பேசிக்காட்டி, தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸம்மா விரட்டும்வரை சிரிக்கவைத்தவன் அவன். அவன் வந்தால் வாட்ச்மேன்கூட இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்பார். அவனுக்கு அவள்மேல் இருந்த பிரியமும் நிஜம்தான். அதைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது.

[இன்ஜினியருக்கு ‘அவர்’, இவனுக்கு ‘அவன்’ என்று எழுதிக்கொண்டு போகிறேன். திட்டம் எதுவுமில்லை. இதைப் படித்துக்காட்டியபோது மாற்றவா என்று அவனிடமே கேட்டேன். “அவன்னே இருக்கட்டும்ணே. அவர்னு போட்டா வயசாயிடும்” என்றான்.]

பதினைந்தாம் நாள் திரும்பி வந்தான். இரண்டே நாளில் தன் பங்கு முழுவதையும் பேசி முடித்தான். சரக்கு வண்டிக் காட்சியில் அவன் போட்ட சத்தத்தில் என் டீ தளும்பியது. அற்புதமாகப் பேசினான். போகிறபோது எல்லோர் முன்னாலும் அவளிடம், கடைசி நாள் கேக்கோடு வருகிறேன், அன்றைக்கு உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றான். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். இன்ஜினியர் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கைதட்டலுக்குச் சிரித்துவைத்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், என்ன கேட்பான் என்பது தெரிந்திருந்தும் என்ன சொல்வது என்பது தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவனிடம் ஒரு குறையும் இல்லையே என்பதுதான் அவள் கவலை.

5

பதினெட்டாம் நாள் இரண்டு குரலையும் சேர்த்து ஓட்டினோம். டப்பிங்கை நடத்தும் டைரக்டரம்மா நடுவில், நாங்கள் சுற்றிலும்.

சரக்கு வண்டி. நூறு மேளம். கூரைமேல் நின்று நாயகன், ஜிகினாவின் குரலில், “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு” என்று அலறுகிறான். நாயகி கூட்டத்துக்கு நடுவிலிருந்து பதில் கத்தவேண்டும். என் தாளில் ‘கேக்குது’ என்று எழுதியிருந்தேன். அவள் சொன்னாள். மெதுவாக. அடுத்த நாற்காலியில் இருப்பவரிடம் சொல்வதுபோல.

“கேக்குது.”

டைரக்டரம்மா படத்தை நிறுத்தினார். அடுத்த காதல் காட்சியை ஓட்டச்சொன்னார். அதற்கடுத்ததையும். ஒன்பதாவது காட்சி முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லாத்தாம்மா பேசியிருக்கே. ஆனா இவ யாருக்குப் பதில் சொல்றா?”

ஹீரோயினுக்குக் காது மடல்கூடச் சூடாகிவிட்டது. பதினோரு வருடத்தில் அவளுக்கு இப்படி ஒரு தவறு நேர்ந்ததில்லை. கேள்விக்கு விடை அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

நாளைக் காலையில் எல்லாக் காதல் காட்சிகளையும் ஜிகினாவின் குரலைக் கேட்டுக்கொண்டு மறுபடி பேசிவிட வேண்டும், பழையதை அழித்துவிடலாம் என்று டைரக்டரம்மா முடிவு சொன்னார். அழிக்கவேண்டியவர் இன்ஜினியர். தலையை ஆட்டினார்.

6

கடைசி நாள். ஸ்டாண்ட் சரியான உயரத்தில் இருந்தது. மூடி தளர்ந்திருந்தது.

ஹெட்போனில் ஜிகினா அலறினான். அவள் “கேக்குது” என்று கத்தினாள். பொய்யாக இருந்தது. ‘இன்னொண்ணு போலாம்’ என்றார் இன்ஜினியர். இந்தத் தடவை காமெடியாக இருந்தது. இன்னொண்ணு. ஏழு தடவை. எட்டாவது தடவை அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பதினோரு வருடம் சோறு போட்ட குரல். மன்னிச்சிடுங்க, ஒரு நிமிஷம் என்று சொல்லித் திரும்பி நின்றுகொண்டாள்.

எங்களுக்குப் பின்னால் ஜிகினா நின்றிருந்தான். கையில் கேக் பெட்டி, மேலே தங்கநிறச் சட்டை. எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவன் வந்தது தெரியாமல் வந்தது அன்று ஒரு நாள்தான். அவள் பதில் அவன் குரலோடு ஒட்டாததைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதையும் ஏழு ‘கேக்குது’களையும் கேட்டிருக்கிறான்.

பெட்டியைக் கீழே வைத்தான். “அவங்கள மாத்தாதீங்கம்மா. என்னை மறுபடி பேச வைங்க. மேளம் கத்தட்டும், நான் மெதுவாப் பேசறேன்.” பிறகு இன்ஜினியரைப் பார்த்தான். “எவ்வளவு மெதுவான்னு தெரியணும். உங்க பைலட்டக் கொஞ்சம் போடுங்க சார்.”

அதை அன்றன்றே அழித்திருப்பாரே என்றார் டைரக்டரம்மா.

இன்ஜினியர் கழுத்துவரை சிவந்துபோய், திரையில் ஒரு கோப்பைத் திறந்தார். பதினான்கு நாளும் வரிசையாக இருந்தது.

ஒன்பதாம் நாள். சரக்கு வண்டி. ஸ்பீக்கரில் அவர் குரல், மேளத்துக்கு அடியில், அதே அட்டவணை வாசிப்பு: “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு.” ஒரு சின்ன இடைவெளி. “பதில் சொல்லணும்னு அவசரமில்ல.”

பிறகு அவள். “கேக்குது.”

அந்த இரண்டாவது வாக்கியம் நான் எழுதியது இல்லை. திரையில் அந்த நேரத்தில் நாயகனின் வாய் மூடியிருக்கிறது.

கண்ணாடிக்கு உள்ளே அவள் திரும்பினாள். அன்றைக்கே அதைத் தாளில் தேடியிருக்கிறாள். காணவில்லை என்றதும், வசனகர்த்தா கடைசி நேரத்தில் மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாளாம். பார்த்தீர்களா, அதுவும் என் தலையில்தான்.

7

முடிவு (அ): ஜிகினா மண்டியிடுகிறான், கேக், மேளம், அவள் சரி என்கிறாள். இந்திப் படத்தில் இதுதான் நடந்தது. கல்லா நிறைந்தது.

முடிவு (ஆ): இன்ஜினியர் கோப்பை அழிக்கிறார். அவள் பையை எடுத்துக்கொண்டு போகிறாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே மழை. இலக்கியப் பத்திரிகைக்கு அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். எனக்குத்தான் மனம் வரவில்லை. அந்த இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்.

(இ): அவள் மைக்கின் அருகில் வந்தாள். அவள் பேசப்போகிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஜிகினா எட்டி ஸ்பீக்கரின் ஒலியை முழுதாகக் குறைத்தான். “இது நமக்கில்ல” என்றான். ஹெட்போன் இன்ஜினியர் காதில் மட்டும் இருந்தது.

அவள் பேசினாள். தாளைப் பார்க்காமல்.

இன்ஜினியர் பேசும் பொத்தானை அழுத்தவில்லை. ‘ஓகே’ சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து, அந்தக் கனமான கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒன்பது வருடத்தில் அவள் இருக்கும்போது அவர் அந்த அறைக்குள் போனதே இல்லை. அவர் போனபின்தான் கவனித்தேன், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவை நிறுத்த மறந்துவிட்டார்.

ஜிகினா எங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். வராந்தாவில் கேக் பெட்டியைத் திறந்து, மேலே எழுதியிருந்த எழுத்துகளைக் கத்தியால் சுத்தமாக வழித்து, அந்தக் கிரீமைத் தானே சாப்பிட்டான். அப்புறம் எல்லோருக்கும் பெரிய பெரிய துண்டாக வெட்டினான். உள்ளே போன இரண்டு பேருக்கும் எடுத்துவைத்த துண்டுகள்தான் எல்லாவற்றிலும் பெரியவை. அவனை மேலே சந்தேகப்பட்டு எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், எனக்குத் தண்டனையாக இருக்கட்டும்.

அன்று மாலையே அவன் எல்லாக் காட்சிகளையும் மெதுவாகப் பேசிக்கொடுத்தான். தமிழில் மட்டும் அந்த நாயகன் கூரைமேல் நின்றுகொண்டு காதோடு பேசுகிறான். டைரக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் சொன்னது என்ன? பதிவு இருக்கிறது. கேட்டால் போட்டுக்காட்டுவார்கள். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

கண்ணாடி வழியாக அவள் வாயை மட்டும் பார்த்தேன். அளவெடுக்கத்தானே தெரியும் எனக்கு. எழுதிக்கொள்ளுங்கள்: மூன்று வினாடி. தொடக்கத்தில் வாய் திறந்திருக்கிறது. நடுவில் உதடுகள் ஒரு முறை ஒட்டி, சற்றுத் தாமதித்துப் பிரிகின்றன. முடிவில் ஒரு சிரிப்பு. அது டப்பிங் இல்லை.

இதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு வரியை நீங்கள் சொல்லுங்கள். ஏசியை அணைத்துவிட்டேன். ஸ்டாண்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.