கை நிற்கும் இடம்

வாட்ச்காரர் முதலில் மரத்துண்டுகளை முகர்ந்து பார்த்தார். காருக்குள் மரம் பதித்துக் கொடுக்கும் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் மாதிரித் துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள், தள்ளி நின்று பார்ப்பார்கள், மனைவியிடம் காட்டுவார்கள், அரைமணி நேரம் என் உயிரை வாங்கிவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரன் காரில் இருக்கிற நிறத்தையே கேட்பார்கள். இவர் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கட்டைவிரலால் ஒரே ஒரு தடவு. தேக்கைக் கீழே வைத்தார். எல்லோரும் முதலில் ஆசைப்படுகிற பளபளப்பான கறுப்புத் துண்டைத் தொட்டதுமே தள்ளிவிட்டார். "இதுல வார்னிஷ்தான் சார் கைக்கு வருது, மரம் வரல." உண்மைதான். அந்தத் துண்டில் நான் போட்டிருந்த வார்னிஷுக்கு அடியில் எந்த மரம் இருந்தால் என்ன என்றுதான் போட்டிருந்தேன்.

கடைசியில் வால்நட் துண்டில் அவர் விரல் நின்றது. நுனியிலிருந்து நுனிவரை போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. "இதுக்குள்ள ஏதோ ஓடுதே" என்றார். மரத்தோட ரேகை சார் என்றேன். "அதான். இது இருக்கட்டும்."

அவர் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். வண்டி ஓட்டி வந்தது அவர்தான். கணவர் துண்டுகளில் மூழ்கியிருந்தபோது என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாராம். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒருநாள் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் இடம் மாறிப்போய், வாங்கிப் போனவர் திரும்ப வந்து கடையில் நாலு பேர் முன்னால் சிரித்தபோது, அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டார். அதற்கப்புறம் வாசலைத் தாண்டுவதில்லை. வலுக்கட்டாயமாகக் காரில் ஏற்றினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார். "கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொல்றாருங்க. பிளாஸ்டிக்கைத் தடவித் தடவி வெறுத்துப் போச்சாம். அதான், மரம் போட்டுக் குடுத்தா..." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

அளவெடுக்கும்போது நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முன்சீட்டில் உட்காருகிறவருக்கு நேர் எதிரே, டேஷ்போர்டுக்குள், ஏர்பேக் இருக்கிறது. வண்டி எதிலாவது மோதினால் மூடியைப் பிளந்துகொண்டு அது வெடித்து விரியும். அந்த மூடிமேல் மரம் வைக்கக் கூடாது. மரம் மூடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். ஒரு சாணுக்குப் பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். அந்தப் பக்கம் மறுபடி மரம் தொடங்கும்.

"நடுவுல விட்டே ஆகணுமா?"

"ஆகணும் சார். அது பை வர்ற வழி. மறிச்சா பலகைதான் முதல்ல மூஞ்சிக்கு வரும்."

"எது வந்தா என்ன சார், எனக்கு ரெண்டுமே தெரியப் போறதில்ல" என்று அவர் சிரித்தார். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று மனைவி அதட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. மனுஷன் குசும்புக்காரர்தான்.

மரத்தை வெட்டிப் பொருத்துவது என் மச்சான், மனைவியின் தம்பி. வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மனசுதான் வெண்ணெய். டிவியில் யாராவது அழுதால் இவனும் மூக்கை உறிஞ்சுவான். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மரத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பது எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கம். கண்ணுக்குத் தப்புகிற பிசிறு விரலுக்குத் தப்பாது. மூடியைச் சுற்றி வெட்டுவதற்கென்று மெல்லிய ரம்பத் தகடு ஒன்று வாங்கி அவன் மேஜையில் வைத்துவிட்டு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனேன். கன்னம் வீங்கி வீட்டிலேயே படுத்துவிட்டேன். நான் திரும்பி வருவதற்குள் வண்டி போய்விட்டது. "அவரு முகத்தை நீங்க பாத்திருக்கணும் மாமா" என்றான் மச்சான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கு அது புதிதல்ல என்பதால் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் மேஜையை ஒழுங்குபடுத்தும்போது அந்தத் தகடு கையில் பட்டது. சுற்றியிருந்த காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. பிறகு கழிவுப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். வால்நட்டில் சன்னமான ஓரத்துண்டுகள் மட்டும்தான் கிடந்தன. ஒரு சாண் துண்டு எங்கேயும் இல்லை.

"மச்சான், மூடிமேலயா ஒட்டுன?"

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. "வெட்டலாம்னுதான் மாமா இருந்தேன். ஒட்டுறதுக்கு முன்னாடி கண்ணை மூடி ஒருதடவை ஓட்டிப் பாத்தேன். நல்லா வந்துக்கிட்டே இருந்துச்சு, வெட்டப்போற எடத்துல விரலைத் தூக்குனேன். மரம் அப்படியே இல்லாமப் போயிடுச்சு. எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு. அவருக்கு எப்படி இருக்கும்?"

"அதுக்கு? மூஞ்சியைப் பேத்துக்கட்டும்னு விட்டுட்டியா?"

"அந்தம்மா மாட்டுவண்டி வேகத்துல ஓட்டுறவங்க மாமா. எங்க போய் மோதப் போறாங்க?"

"மோதுறதுக்கு இவங்கதான் ஓட்டணுமாடா? எதுத்தாப்புல வர்றவன் கண்ணை மூடிட்டு வந்தா?" அறைந்துவிடலாம் என்றுதான் கை எழுந்தது. பல் பிடுங்கிய இடம் விண்விண் என்று தெறித்தது. அடப்பாவி, குடித்துவிட்டுச் செய்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். பாவம் பார்த்துச் செய்தவனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டு நம்பரைத் தேடி எடுத்தேன்.

போனை அந்த அம்மாதான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் நான் எதற்குக் கூப்பிட்டேன் என்றுகூடக் கேட்காமல் கொட்டினார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் காரைவிட்டு இறங்குவதே இல்லையாம். காபியைக்கூட அங்கேதான் கேட்கிறாராம். "நேத்து ஊரைச் சுத்திட்டு வந்தோங்க. மரத்துமேல கையை வெச்சுக்கிட்டே இது எந்தத் தெரு, இது எந்த வளைவுன்னு ஒவ்வொண்ணா சொல்றாரு. தப்பே வரல. எத்தனை நாள் கழிச்சு அவரு பேசிக் கேக்குறேன் தெரியுமா?" நான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது. "நீங்களே வந்து அவருகிட்டச் சொல்லுங்க. என்னால ஆகாது" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் போனபோது வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள் கார் நின்றிருந்தது. அவர் முன்சீட்டில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. வலது கை கதவோரத்திலிருந்து கிளம்பி மெதுவாக, எங்கேயும் நிற்காமல் நடுப்பகுதிவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. மச்சானின் வேலையைக் குறை சொல்லவே முடியாது. ஒரே பலகை, ஒரே ரேகை. அந்த நிமிஷம் எனக்கே அதில் கைவைக்க மனசு வரவில்லை. பட்டறையில் பார்த்த முகமா இது என்று இருந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, யாருக்கோ வழி சொல்லுகிறவர் முகமாக இருந்தது.

சொன்னேன். கை நின்றது.

"முதல்லயே சொன்னீங்கதான்" என்றார். "ஆனா நீங்க சொன்ன அந்த இடைவெளி கைக்கு வரல. வராததும் நல்லாத்தான் இருந்துச்சு."

மனைவி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். "பின்சீட்டுல உக்காந்துக்கலாமே? மரம் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"பின்னாடி உக்காந்தா நான் உனக்குச் சவாரி. முன்னாடி உக்காந்தாத்தான் புருஷன்" என்று அவர் காரைவிட்டு இறங்கினார். அந்தக் குசும்பு அப்போதும் விடவில்லை. "வெட்டுங்க தம்பி. அவ கையால எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் அவ சாப்பிட மாட்டா."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மச்சான் உள்ளே நுழைந்தான். நல்லவேளை, மூடிமேல் பசை போடாமல் சுற்றி மட்டும் ஒட்டியிருந்தான். அந்தமட்டும் புத்தி வேலை செய்திருக்கிறது. காகிதத்தைப் பிரித்துத் தகட்டை எடுத்துக் கொடுத்தேன். ரம்பம் மரத்தில் இறங்கிய சத்தம் கேட்டபோது வாட்ச்காரர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முகம் எங்கள் பக்கம் இல்லை. மச்சான் நடுவில் இரண்டு முறை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

துண்டு முழுசாகக் கழன்று வந்தது. "குடுங்க பாப்போம்" என்று அவர் கையை நீட்டினார். வாங்கி எடை பார்த்தார். நான்கு ஓரத்தையும் தடவினார். வெட்டிய பக்கம் இன்னும் உப்புத்தாள் படாமல் கூராக இருந்தது. பிறகு, நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை, அதைத் தூக்கித் தன் முகத்தின்மேல் வைத்தார். அளவெடுத்து வெட்டிய மாதிரி, ஒரு காதிலிருந்து மறு காதுவரை, நெற்றியிலிருந்து தாடைவரை சரியாக மூடிக்கொண்டது. அப்படியே நின்றார். பலகைக்குப் பின்னால் அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இவ்வளவு பெருசா?" என்றார் உள்ளிருந்து.

மனைவிதான் அதைப் பிடுங்கி மச்சானிடம் கொடுத்தார். நான் வெட்டிய ஓரங்களைத் தேய்த்து, துடைத்து, வயரை மாட்டினேன். அவரை மறுபடி சீட்டில் உட்கார வைத்தோம். கை கதவோரத்திலிருந்து கிளம்பியது. மரம் முடிந்த இடத்தில் நின்றது. அதற்கு மேலே போகவில்லை.

"ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், வாங்க" என்று அந்த அம்மா வேண்டுமென்றே குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நாங்கள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தோம். மச்சான் சொன்னது சரிதான், மாட்டுவண்டி வேகம்தான்.

தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, பின்விளக்கு லேசாகச் சிவந்தது, வண்டி நின்றது. பின்கண்ணாடி வழியே பார்த்தபோது, முன்சீட்டில் அவருடைய இரண்டு கைகளும் விருட்டென்று எழுந்து முகத்தை மூடிக்கொண்டன. சைக்கிள் போய்விட்டது. வண்டி மறுபடி நகர்ந்து, ஒடித்துத் திரும்பியது. கைகள் இறங்கவில்லை.