இடம் மாறிய பொத்தான்கள்

வர முடியாது என்பதைத் தொலைபேசியில் சொல்லும் பழக்கம் ஹால்வர்சன் குடும்பத்தில் கிடையாது. நேரில் போய், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதனால்தான் ஆர்டித் இடக்கையில் தடியை ஊன்றிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த தம்பி மெர்லுடைய வீட்டுக்கு நடந்தே போனாள். டுலூத் நகரத்தின் ஏரிக்காற்று அவளைத் தள்ளிப் பார்த்தது. அவள் முதுகு வளையவில்லை.

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்தன்று குடும்பம் மொத்தமும் மெர்லுடைய கார் கொட்டகையில் கூடும். காட்டரிசி சூப், அதன் பிறகு போட்டி. அப்பா நடத்திய பீட்சா கடையில், காசு போட்டு ஆடும் மெஷின் ஒன்று நின்றது. விண்கற்களைச் சுட்டுத் தள்ளும் ஆட்டம். கடையை மூடியபோது மெர்ல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அன்றிலிருந்து முதல் ஆட்டம் ஆர்டித்துக்குத்தான். அவள் எடுக்கும் புள்ளிகளை மற்றவர்கள் மாலைவரை துரத்துவார்கள். ஒருவரும் எட்டியதில்லை.

பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது தோளும் முழங்கையும் மெல்ல வழிக்கு வந்தன, விரல்கள் வரவில்லை. வெகுநேரம் நிற்கவும் முடியவில்லை. அந்த மெஷினிலோ நின்றுதான் ஆடவேண்டும். சுடும் பொத்தான்கள் வலப்பக்கம். அத்தனை பேர் பார்க்க, அசையாத விரல்களை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பதா? "ஐயோ பாவம்" என்று மருமகள்கள் கிசுகிசுப்பதைக் கேட்பதற்கா இத்தனை வருஷம் நிமிர்ந்து வாழ்ந்தாள்?

கொட்டகையில் மரத்தூளும் பசையும் மணத்தன. பனி உருகிய தண்ணீர் புகுந்து அடி அழுகி, அந்த அடி அறுபட்ட மெஷினின் பழைய மரப்பெட்டி மூலையில் சாய்ந்து கிடந்தது. நடுவில் புதிய பெட்டி. மெர்ல் அதன் விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டியைத் தட்டிப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"வாக்கா. நல்ல நேரத்துலதான் வந்தே. என் லட்சணத்தைப் பாரு."

"என்னடா இது, குள்ளமா நிக்குது?"

"பழைய பெட்டியில அழுகின அடிப்பாகத்தை அறுத்துப் போட்டேன். மிச்சத்தைப் புதுப் பலகை மேல வச்சுக் கோடு இழுத்தேன். அறுத்த அளவைக் கூட்ட மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? ஊர்ல பாதி சமையல்கட்டுக்கு அலமாரி செஞ்சவன்!"

"வயசாயிடுச்சுக்கா."

"உனக்கு முன்னாடி பொறந்தவ நான். நான் எதையாவது மறந்தேனா? என் சைக்கிளை நீ ஏரியில விட்டதுகூட ஞாபகம் இருக்கு."

"அதை எப்படி மறப்பே." மெர்ல் சுத்தியலைக் கீழே வைத்தான். "இன்னும் கேளு. கை வைக்கிற பலகையை அடிப்பக்கமா கோடு போட்டு, அடியிலேர்ந்தே துளைச்சுத் தொலைச்சேன். திருப்பிப் பாத்தா எல்லாம் இடம் மாறிக் கிடக்கு. கைப்பிடி வலப்பக்கம், பொத்தானெல்லாம் இடப்பக்கம்."

ஆர்டித் பலகையைப் பார்த்தாள். பெட்டிக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"மெர்ல், மறைக்காம சொல்லு. என்மேல இரக்கப்பட்டு இப்படிச் செஞ்சிருந்தா, இந்தத் தடியாலேயே உடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன்."

"உனக்காகவா? நல்லா இருக்கே! பொறந்ததுலேர்ந்து உன்கிட்ட தோத்துக்கிட்டு இருக்கேன். நீ வராம இருந்தா இந்த வருஷம் ஜெயிக்கறது நான். நல்ல ப்ளைவுட் வீணாப் போச்சேன்னு எனக்கு வயிறு எரியுது, நீ வேற."

அவள் உட்கார்ந்தாள். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலது உள்ளங்கையைத் தூக்கிக் கைப்பிடியின் உருண்டைமேல் வைத்தாள். தோளால் தள்ளினாள். திரையில் விண்கப்பல் நகர்ந்தது. இடது விரல்கள் பொத்தான்களைத் தேடின, தடுமாறின, அடித்தன. ஒரு கல் வெடித்தது. அடுத்த கல்லில் கப்பல் சிதறியது.

மறுபடி ஆடினாள். பிறகு இன்னொரு முறை. இடது விரல்கள் மந்தமான மாணவர்கள்தான், ஆனால் படித்தன.

நாற்காலியை நெருக்கிப் போட இடக்கையால் பலகையின் அடியைப் பிடித்தாள். விரலில் சிராய் குத்தியது. தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மரம் பிய்ந்து நின்றது. மேற்பக்கமோ கண்ணாடிபோல் வழவழப்பு.

மெர்லுடைய பட்டறையில் பல வருஷம் பலகை தேய்த்தவள் அவள். டிரில் நுழையும் பக்கம் சுத்தமாக இருக்கும். வெளியேறும் பக்கம்தான் மரத்தைப் பிய்க்கும். அடியிலிருந்து துளைத்திருந்தால் மேற்பக்கம் அல்லவா பிய்ந்திருக்கவேண்டும்? அவன் மேலிருந்துதான் துளைத்திருக்கிறான். கண்ணால் பார்த்து, தெரிந்தே.

நிமிர்ந்தாள். மெர்ல் முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவில் எதற்கோ ஆணி தேடிக்கொண்டிருந்தான். அவன் காதுகள் சிவந்திருந்தன. சைக்கிள் மூழ்கிய அன்றும் இப்படித்தான் சிவந்திருந்தன.

தடி கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது. ஆர்டித் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுக்கவில்லை.

"மெர்ல்."

"ம்."

"இவ்வளவு பெரிய தப்பைப் பண்ணி வச்சிட்டு, திங்கக்கிழமை அத்தனை பேர் முன்னாடி தனியா நிக்கப் போறியா? சிரிக்க மாட்டாங்க?"

அவன் திரும்பாமலே சொன்னான். "சிரிப்பாங்கதான்."

"ஹால்வர்சன் வீட்டுப் பொருளைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. நான் வரேன். முதல் ஆட்டம் நான் ஆடிட்டா அப்புறம் எவனும் வாயைத் திறக்கமாட்டான்."

"சரிக்கா."

"அடியில சிராய் கிடக்கு. வேற யார் கையிலயும் பட்டுடக்கூடாது. தேய்ச்சு விடு."

மெர்லுடைய கை டப்பாவுக்குள் அப்படியே நின்றது. பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து, அவள் காலருகில் மண்டியிட்டு, பலகைக்கு அடியில் தலையை நுழைத்தான். அவன் தேய்க்கத் தேய்க்கப் பெட்டி அதிர்ந்தது.

"ஆட்டாதேடா," என்றாள் ஆர்டித், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கல்லு வருது."