ஒரு விரல் தள்ளி

கடிகாரம் பழுதுபார்ப்பவர் இறந்து, அழ வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு பார்த்தால், அவருடைய நிறம் மட்டும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சட்டையின் நீலம், கைகளின் பழுப்பு, தலையில் கொஞ்சம் நரை. ஓரக்கோடு கிடையாது. பாடையில் தூக்கிக்கொண்டு போனது அவருடைய கோடுகளை மட்டும்தான். அவர் மனைவி, சிறுவர் படப் புத்தகங்களுக்கு வரைபவள், இதைக் கண்டு அலறவில்லை. நிறம் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போயிருக்கும். ஒரு விரல் தள்ளியிருந்ததால் தப்பித்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய முதல் புத்தகம் அச்சானபோது அச்சகத்தில் நிறத் தகடு நகர்ந்துவிட்டது. யானையின் சாம்பல் நிறம் யானைக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. அவள் அழுது தீர்த்தாள். குழந்தைகளோ, யானை இப்போதுதான் ஓடி வந்து நின்றிருக்கிறது, நிறம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அவள் வேண்டுமென்றே அப்படி வரைந்தாள். ஒரு தாளில் மைக்கோடு, மெல்லிய இன்னொரு தாளில் நிறம். ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும்போது ஒரு விரல் இடம். மூன்றாவது புத்தகம் வந்த மழைக்காலத்தில் வீடும் அவள் பாணிக்கு மாறியது. தக்காளியின் சிவப்பு தக்காளிக்குப் பக்கத்தில் கிடந்தது. கத்தியை எங்கே வைப்பது என்று கணவர் கொஞ்ச நாள் திண்டாடினார், பிறகு பழகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வாய் வலிக்கப் பேசி ஓய்ந்தார்கள். மின்கணக்கு எடுக்க வந்தவர் மட்டும் நேராகக் கண் டாக்டரிடம் போனார்.

கணவர் போன அடுத்த வருடம் புதுப் பதிப்பாசிரியர் போனில் தேனொழுகப் பேசினார். "அச்சுப்பிழைன்னு பெத்தவங்க புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறாங்கம்மா. இந்தத் தடவை நிறம் கோட்டுக்குள்ளயே இருக்கட்டும். இல்லேன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அவள் ஒரு நரியை ஒழுங்காக வரைந்தாள். நிறம் கோட்டுக்குள் அடங்கியது. சமையலறையில் சிவப்பு தக்காளிக்குள் போனது, பச்சை கதவுக்குள் போனது. நாற்காலியில் இருந்த நீலத்துக்குத்தான் போக இடமில்லை. அது வெளுக்கத் தொடங்கியது.

மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மகள் செருப்பைக் கழற்றும்போதே கவனித்துவிட்டாள். "என்னம்மா, அப்பா இப்படி வெளுத்துப்போயிருக்காரு?"

"கோட்டுக்குள்ள வரைஞ்சேன்."

"கிழிச்சுப் போடு. நான் சம்பாதிக்கலையா?"

"உன் சம்பாத்தியத்துல சாப்பிட்டுக்கலாம்டி. வரையாம எப்படி உட்கார்ந்திருப்பேன்?"

கணவரும் வேண்டும், வரைவதும் வேண்டும். எதை விட்டாலும் தான் பாதிதான் என்று அவளுக்குத் தோன்றியது. வெகுநேரம் நரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான நரிதான். ஆனால் அது எங்கிருந்தும் ஓடி வந்ததாகத் தெரியவில்லை. அவள் நிறத் தாளை ஒரு விரல் தள்ளினாள். நாற்காலியில் நீலம் தெளிந்தது, கைகள் தெளிந்தன. நரை மட்டும் திரும்பவில்லை. உயிரோடிருந்தபோது அதை மறைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல, ஆகவே யாரும் வருத்தப்படவில்லை.

படங்களை வாங்கிப்போகப் பதிப்பாசிரியரே நேரில் வந்தார். முதல் தாளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று ஜன்னலோர நாற்காலியை நோக்கிப் போனவர், பாதியில் நின்றார். நீலத்தைப் பார்த்தார், கைப்பிடிமேல் கிடந்த பழுப்பைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க சார்," என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாத் தாள்களையும் மெதுவாகப் புரட்டினார். கடைசியில், "நரி இப்பத்தான் ஓடி வந்து நின்ன மாதிரி இருக்கு," என்றார்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில், இது அச்சுப்பிழை அல்ல என்று சிறிய எழுத்தில் போட்டார்கள். அதற்குப் பிந்தைய வருடங்களில் அவள் வேலை முடிந்ததும் அந்த நாற்காலிக்கு ஒரு விரல் தள்ளி முக்காலியைப் போட்டு, அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.