முன்னறைக் கம்ப்யூட்டர்

ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கவே முடியாது. அப்படி இருந்தால் அதற்கு மனிதனின் அறியாமையைத் தவிர வேறு காரணம் கிடையாது. பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னறையில் லுங்கியோடு நின்றபடி கிறிஸ்டோபர் இதை உலகுக்கு அறிவித்தான். உலகம் என்றால் அந்த நேரத்தில் அவனுடைய டாடி சில்வெஸ்டரும் தங்கை மலரும்தான்.

"அறியாமைன்னா எங்களையா சொல்ற?" என்றாள் மலர்.

"பொதுவா சொன்னேன்."

கிறிஸ்டோபர் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பொதுவாகத்தான் பேசுவான்.

முன்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாக டக், டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ சுவரைத் தட்டுவது போல. அதற்குள்தான் மம்மியின் ஒரே வீடியோ இருந்தது. மம்மிக்கு கேமரா என்றாலே ஆகாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு ஞானஸ்நான விருந்தில், பிரியாணித் தட்டும் கையுமாக அகப்பட்டுக்கொண்டு, "என்ன எதுக்குடா எடுக்குற, பாப்பாவ எடு போ" என்று முந்தானையால் முகத்தை மறைக்கிறாள். மறைத்தபடியே சிரித்துவிடுகிறாள். அவ்வளவுதான் வீடியோ. எடுத்த சித்தப்பாவின் போன் பஸ்ஸில் தொலைந்துபோனது. மறுநாள் மம்மியின் முதல் வருஷ நினைவுப் பூசை. பூசை முடிந்து வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது டாடியின் ஆசை. அதற்கு முன்னால் அதைக் கிறிஸ்டோபரின் லேப்டாப்புக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

"பென்டிரைவ்ல போட்டுத் தரட்டாடா கிறிஸ்டி?" என்று கேட்ட சில்வெஸ்டர், பதிலுக்குக் காத்திராமல் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றியும் விட்டார்.

"பைலைக் கையில தூக்கிட்டு நடக்குறது கற்காலம் டாடி. உள்ள வைங்க."

அவர் உள்ளே வைக்கவில்லை. மேஜைமேல் வைத்தார்.

சில்வெஸ்டர் கோலாரில் தங்கச் சுரங்கம் மூடும்வரை உள்ளே இறங்கியவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறும் முன் கட்டைவிரலால் நெற்றியில், உதட்டில், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். சுரங்கத்தை மூடினார்கள். அவர் பெங்களூருக்கு வந்து ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன் ஆனார். கட்டைவிரலுக்கு மட்டும் வேலை போகவில்லை. முதலில் லிஃப்ட், பிறகு பஸ், கடைசியில் இந்தக் கம்ப்யூட்டரின் பவர் பட்டன். சிலுவை போடாமல் அதை அவர் அழுத்தியதே இல்லை.

"அது மிஷின் டாடி. ஞானஸ்நானம் வாங்கல."

"நீ வாங்கினியே," என்றாள் மலர். "கோயில் பக்கம் வந்து எவ்ளோ நாளாச்சு?"

கிறிஸ்டோபர் வேலையைத் தொடங்கினான். முன்னறைக் கம்ப்யூட்டர் வீட்டு வைஃபையைப் பொது இடம் என்று நினைத்துக்கொண்டு ஒளிந்திருந்தது. இது வீடுதான் என்று அதற்குச் சொன்னான். ரீஸ்டார்ட். பைல்களைப் பகிரும் வசதியைத் திறந்துவிட்டான். ரீஸ்டார்ட். காவல் நிற்கும் ஃபயர்வாலைத் தளர்த்தினான். ரீஸ்டார்ட். ஒவ்வொன்றுக்கும் எதற்கு ரீஸ்டார்ட் என்று அவனுக்கே தெரியாது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பழைய மிஷின் அணையுமே தவிரத் தானாக எழாது. ஒவ்வொரு முறையும் சில்வெஸ்டர் எழுந்து வந்து, சிலுவை போட்டு, பட்டனை அழுத்திவிட்டு, "ஆய்தா?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"ஸ்வல்ப இருங்க டாடி."

ஒவ்வொரு முறையும் டக் சத்தம் கொஞ்சம் கூடியது.

"அண்ணா, அது ரொம்ப தட்டுது. பென்டிரைவ்லயே போட்டுரு."

"காரணத்தக் கண்டுபிடிக்காம விட்டா நாளைக்கும் இதே கததான்."

காரணம் கிடைத்தது. முன்னறைக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே இல்லை. பாஸ்வேர்ட் இல்லாத கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் வழியாக நுழைய முடியாது.

"ஏன் டாடி பாஸ்வேர்ட் வெக்கல?"

"வெச்சா மம்மி மறந்துரும்னு நீதான்டா வேணாம்னு சொன்ன."

அவன் ஒரு பாஸ்வேர்ட் போட்டான். ரீஸ்டார்ட். சிலுவை. பட்டன். லேப்டாப்பில் மம்மியின் போல்டர் திறந்தது. வீடியோவை இழுத்துப் போட்டான். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது.

"பாத்தீங்களா," என்றான், சத்தமில்லாமல்.

கோடு பாதியில் நின்றது. முன்னறைக் கம்ப்யூட்டரில் டக் டக் என்ற சத்தம் இடைவெளியில்லாமல் கேட்டது; பிறகு கேட்கவில்லை. திரை கறுத்துப்போயிற்று. லேப்டாப்பில் பாதி வந்திருந்த பைலும் காணாமல் போயிருந்தது. பாதியை வைத்துக்கொள்வது அதற்கு வழக்கமில்லை.

மலர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சில்வெஸ்டர் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார். "பரவாயில்லடா. நாளைக்குப் போட்டோவே போதும்," என்றார். பூசைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட உள்ளே போனார். மலர் அடுக்களைக்குப் போனாள்.

முன்னறையில் அவனும் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்தார்கள். வெளியே ஆட்டோ ஒன்று கிளம்ப முடியாமல் இருமிக்கொண்டிருந்தது. அவன் மேஜைமேல் இருந்த பென்டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினான். உள்ளறைப் பக்கம் ஒரு தரம், அடுக்களைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

கட்டைவிரல் முதலில் உதட்டுக்குப் போயிற்று. வரிசை மறந்துபோயிருந்தது. கையை இறக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். நெற்றி, உதடு, நெஞ்சு.

பிறகு பட்டனை அழுத்திவிட்டு, காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனான்.